வாசகர் கேள்வி – பதில்: கம்பளி கட்டிய காட்ஸ்வோல்ட்ஸ்

கேள்வி: இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகன் காட்ஸ்வோல்ட்ஸ் என்னும் பகுதிக்குச் சென்று படங்கள் அனுப்பியிருந்தான். சின்னஞ்சிறு ஊர்களில் மிகப் பெரிய தேவாலயங்கள் நிற்கின்றன. நாட்டுப்புறத்தில் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பெரும்பாலும் குளோஸ்டர்ஷயர், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்தக் குன்றுப் பகுதிக்குச் செல்வம் கொடுத்தவை செம்மறியாடுகள். மேட்டு நிலத்தில் மண்ணின் ஆழம் குறைவு. ஆனால் நீர் தேங்காத அந்தச் சுண்ணாம்பு நிலத்தின் புல் ஆடுகளுக்கு மிகவும் உகந்தது. 13 ஆம் நூற்றாண்டு முதல் 15 ஆம் நூற்றாண்டு வரை அங்கே கத்தரித்த உரோமத்தை வணிகர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி, ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நெசவாளர்களுக்கும் இத்தாலிய நகரங்களுக்கும் அனுப்பினார்கள். அரசரின் வருவாயே கம்பளி ஏற்றுமதி வரியைப் பெரிதும் நம்பியிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைத் தலைவர் இன்றைக்கும் கம்பளி அடைத்த இருக்கையில் அமர்வது அந்தக் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அந்த வணிகர்கள் ஊரில் தமக்கு வீடு கட்டியதோடு தேவாலயத் திருப்பணியும் செய்தார்கள். சிப்பிங் காம்டனில் 1401 இல் மறைந்த வில்லியம் கிரெவெலின் கல்லறைப் பித்தளைத் தகடு, இங்கிலாந்தின் கம்பளி வணிகர் அனைவரிலும் மலராக விளங்கியவர் என்று அவரை இலத்தீனில் புகழ்கிறது. நார்த்லீச் தேவாலயத்தின் தகடுகளிலோ, வணிகர்களின் காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும் பொறிக்கப்பட்டுள்ளன. பிழைப்புக்குரிய பொருளைச் சந்நிதியில் மறைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஃபேர்ஃபோர்டில் ஜான் டேம் என்ற வணிகர் தொடங்கிய தேவாலயப் பணியை மகன் எட்மண்ட் நிறைவு செய்தார். அங்குள்ள 28 வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் இன்றளவும் தப்பி நிற்கின்றன.

கேள்வி: அங்கே வீடு, மதில், கூரை எல்லாம் ஒரே தேன் நிறமாக இருப்பது ஏன்?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: எல்லாமே ஒரே கல். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தபோது படிந்த சுண்ணாம்புக்கல் அது. உற்றுப் பார்த்தால் மீன் சினையைப் போன்ற உருண்டை மணிகள் தெரியும். இரும்புச் சத்து கலந்திருப்பதால் வடக்கே பொன்னிறமாகவும், தெற்கே பாத் நகரை நெருங்க நெருங்க வெளிறியும் காணப்படும். இந்தப் பாறை அடுக்கு ஒருபுறமாகச் சாய்ந்திருப்பதால், மேற்கே செவர்ன் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் மலை விளிம்பு, தென்கிழக்கே மெல்லச் சரிகிறது. வின்ட்ரஷ், கோல்ன் முதலிய ஆறுகள் அச்சரிவில் ஓடித் தேம்ஸில் சேருகின்றன. மிக உயர்ந்த இடமான கிளீவ் குன்றின் உயரமே 330 மீட்டர்தான்.

கூரை வேயும் முறை தனிச் சிறப்புடையது. வெட்டியெடுத்த கல்லைக் குளிர்காலத்தில் வெளியே போட்டுவைத்தால், உறைபனி அதை மெல்லிய பலகைகளாகப் பிளந்துவிடும். பெரியவற்றை இறவாரத்திலும் சிறியவற்றை முகட்டிலும் அடுக்குவார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும் சலவைக்கல் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்தன. அங்கே பணம் கடல் கடந்து வந்தது, கல் காலடியிலேயே கிடைத்தது.

கேள்வி: நம் ஊர்களில் வளவுகள் (பழைய பெரிய வீடுகள்) இடிக்கப்பட்டுத் தூண்களும் நிலைக்கதவுகளும் விலைக்குப் போகின்றன. அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் வருத்தம் என்னுடையதும்தான். அங்கே முதலில் காப்பாற்றியது வறுமை. கச்சாக் கம்பளி ஏற்றுமதி சரிந்து, வேகமாக ஓடும் நீரோடைகளைக் கொண்ட ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்குகளில் துணி ஆலைகள் பெருகின; நீராவி யந்திரங்கள் வந்தபின் தொழில் நிலக்கரி வளம் மிக்க யார்க்ஷயருக்குப் பெயர்ந்தது. மேட்டு ஊர்களில் பழையதை இடித்துப் புதிது கட்டப் பலருக்கு வசதியில்லை.

அக்கறையும் சட்டமும் பின்னால் வந்தன. பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சுரண்டி எடுப்பதைக் கண்டு பொறுக்காத கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், 1877 இல் தொல்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். 1947 ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்துக்குப் பின், பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்த வீட்டை உரிமையாளரே ஆனாலும் உள்ளாட்சியின் ஒப்புதலின்றி இடிக்கவோ அதன் தன்மையை மாற்றவோ முடியாது என்ற நிலை படிப்படியாக உருவாயிற்று. 1966 இல் இயற்கையெழில் பகுதியாக அறிவிக்கப்பட்ட காட்ஸ்வோல்ட்ஸில் இன்று ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் அந்தப் பாதுகாப்பில் உள்ளது.

இதற்கு ஒரு விலையும் உண்டு: வெளியூர்ச் செல்வர்கள் வீடுகளை வாங்குவதால் உள்ளூர் இளைஞர்களுக்கு அங்கே குடியிருக்க இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆயினும் பட்டியலிடும் சட்டத்தை நாம் கேட்டுப் பெற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரே வளவு பல பங்காளிகளுக்கு உரிமையாக இருக்கும் நம் ஊரில், பராமரிப்புச் செலவுக்கு அரசின் உதவியும் அதனுடன் சேர்ந்து வந்தால்தான் அச்சட்டம் பயன்தரும்.