வாசகர் கேள்வி பதில்: பலம் தீர்ந்துபோகும்போது

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் தாயாரை மூன்றாவது ஆண்டாகத் தனியாகக் கவனித்துவருகிறேன், பகலில் வேலைக்கும் செல்கிறேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சென்ற மாதம் ஓர் இரவு, நான் விரிப்பை மாற்றி முடித்த சற்று நேரத்திலேயே அவர் மறுபடியும் நனைத்துவிட, தலையணையைச் சுவரில் வீசிக் கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘தேவன் திராணிக்கு மேலாகச் சோதிக்கமாட்டார், ஜெபியுங்கள், பெலன் வரும்’ என்கிறார்கள் சபையில். ஜெபிக்கிறேன்; களைப்புத்தான் மிஞ்சுகிறது. என் விசுவாசத்தில் குறையா? உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டால் அது அவிசுவாசம் ஆகுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட அந்த வசனமே உங்கள் தோளில் இன்னொரு சுமையாக ஏறியிருப்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம். 1 கொரிந்தியர் 10:13, வனாந்தரத்தில் விக்கிரகாராதனையிலும் இச்சையிலும் விழுந்துபோன இஸ்ரவேலரை எச்சரிப்பாகக் காட்டுகிற பகுதியில் வருகிறது. அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகி ஓடச் சொல்கிறது. பாவத்தில் விழத் தூண்டும் சோதனையிலிருந்து தப்பிக்கொள்ள தேவன் வழி வைத்திருக்கிறார் என்பதே அங்கே முதன்மையான பொருள். வாழ்க்கையில் வரும் பாரம் எதுவும் நம் பலத்தை மிஞ்சாது என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. அதை எழுதிய பவுலே, அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தமக்கு நேரிட்ட உபத்திரவம் பலத்திற்கு மிஞ்சினதாக இருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் எழுதுகிறார். அதை விசுவாசக் குறைவென்று அவர் எண்ணவில்லை. தங்கள்மேல் நம்பிக்கை வையாமல் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கும்படி அது நடந்தது என்கிறார். ஆகவே ‘என்னால் முடியவில்லை’ என்று நீங்கள் சொல்வதில் அவிசுவாசம் ஏதும் இல்லை.

பவுல் தம் மாம்சத்தில் இருந்த ‘முள்’ என்று தாம் குறிப்பிடும் வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் வந்தது. முள் போனதாக அவர் எங்கும் எழுதவில்லை. பிரசங்கத்தில் நாங்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் அவசரமாகவே கடந்துவிடுகிறோம். கிருபை கிடைத்தவருக்கு உடம்பு வலிக்காது என்பதுபோல ஓர் எண்ணம் சபைகளில் பரவியிருக்கிறது என்றால், அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, அரசி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்கிறார். அப்படியே படுத்துத் தூங்கியும்விடுகிறார். அவரைத் தட்டி எழுப்பிய தூதன் அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கியவரைத் தூதன் இரண்டாந்தரமும் எழுப்பி, ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று சொல்லிச் சாப்பிடவைக்கிறான். ஓரேப் மலைவரை நாற்பது நாள் நடப்பதற்கான பலம் அந்த மனிதருக்கு உணவாகவும் உறக்கமாகவும் வந்தது. நீங்கள் கேட்கும் பெலன் ஜெப நேரத்தில் ஓர் உணர்வாக வந்து இறங்கும் என்று காத்திருக்கிறீர்கள். அது தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கமாகவும் வரக்கூடும்.

ஆள் வைப்பதைப் பற்றிய தயக்கத்தையும் விட்டுவிடுங்கள். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, சூரியன் அஸ்தமிக்கும்வரை இரு பக்கமும் கைகளைத் தாங்கினார்கள். அவர்களை மோசே விலக்கிவிடவில்லை. உங்கள் போதகரிடம் ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘வாரத்தில் ஓர் இரவு அம்மாவோடு இருக்க ஒருவரைத் தாருங்கள்’ என்று கிழமையைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையசைப்பார்கள். கிழமை சொன்னால்தான் ஒருவராவது வருவார். வசதி இருந்தால் பயிற்சி பெற்ற பணியாளரை அமர்த்துங்கள். உங்கள் தூக்கமின்மையை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

அந்த இரவைப் பற்றி: அம்மாவின் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேளுங்கள். ஜெபிக்கச் சொற்கள் வராத நாளில் பெருமூச்சு விட்டால் போதும். வேண்டிக்கொள்ளத் தெரியாத நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் தேவனையே சார்ந்திருந்தால் மனிதன் சோம்பேறி ஆகிவிடமாட்டானா?

– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: சார்ந்திருப்பதைச் சாக்காக்குகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டிய நெகேமியா, பகைவர் தாக்க வருகிறார்கள் என்று அறிந்தபோது செய்ததை ஒரே வசனத்தில் (4:9) சொல்லிவிடுகிறார்: தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவல் வைத்தோம். அதன்பின் கட்டுகிறவர்கள் இடுப்பில் பட்டயத்தைக் கட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். அலங்கம் 52 நாளில் முடிந்தது. அதைக் கண்ட பகைவர்களே, இந்தக் கிரியை தேவனால் கைகூடியது என்று அறிந்துகொண்டார்களாம்.