மடக்கும் தொடுதிரை லேப்டாப்: முதலில் எதைப் பழக வேண்டும்?

திரையை முழுக்கப் பின்னால் மடக்கினால் கீபோர்டு கெட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். 360 டிகிரி கீல் உள்ள மாடல் என்றால் பயமே வேண்டாம், கீலே அதற்காகத்தான். திரை 180 டிகிரியைத் தாண்டிப் பின்னால் போனதும் கீபோர்டும் டச்பேடும் தாமாகவே வேலையை நிறுத்திவிடும். அடியில் விரல்கள் பட்டாலும் எழுத்து விழாது. மடக்கும்போது மட்டும் ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், மேல் விளிம்பின் நடுவில் பிடியுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் கீலுக்குத்தான் கேடு.

அப்புறம் விரல் பழக்கம். விண்டோஸ் 11-இல் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து விரலை எடுத்தால் ரைட் கிளிக் மெனு வரும். வலது ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் அறிவிப்புகள். மூன்று விரலால் கீழே இழுத்தால் டெஸ்க்டாப். இந்த மூன்றும் கைக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

படுத்துக்கொண்டு படிக்கையில் திரை தானாகத் திரும்பி எரிச்சலூட்டும். விரைவு அமைப்புகளில் (Quick Settings) திரை திரும்பாமல் நிறுத்தும் சுழற்சிப் பூட்டைப் போடுங்கள். சாதாரண லேப்டாப் நிலையில் அந்தப் பொத்தான் மங்கலாக இருக்கும். பழுதல்ல, மடக்கினால் உயிர்பெறும்.

திரையில் எழுதும் பேனாவை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பேனாவும் திரையும் தொடர்புகொள்ள மைக்ரோசாஃப்டின் பென் புரோட்டோகால், வாகாம் நிறுவனத்தின் ஏஇஎஸ் எனத் தனித்தனி முறைகள் உண்டு. உங்கள் திரை எதை ஏற்கும் என்று மாடலின் விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.