பட்டாளமா, பணமா?

கேள்வி: ஐயா, பயங்கரவாதத்தை அடக்க எது உதவும், ராணுவமா, மேம்பாட்டு நிதியா? ஆப்கானிஸ்தானில் இரண்டையும் கொட்டியும் தாலிபான்தானே திரும்ப வந்தது? (வாசகி, கெப்போங்)

பதில்: கொட்டத்தான் செய்தார்கள், தங்கச்சி. மறுசீரமைப்புக்கென்று அமெரிக்கா ஒதுக்கியதே சுமார் 145 பில்லியன் டாலர். 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான் காபூலுக்குள் நுழைந்தபோது, அந்தப் பணத்தில் வளர்த்த ராணுவம் பல இடங்களில் சுடாமலே கலைந்துபோயிருந்தது.

ஆனால் காபூல் வரை எதற்கு? கெப்போங்கில் ரயில் ஏறினால் தஞ்சோங் மாலிம் போய்விடலாம். மலாயாவை பிரிட்டிஷார் ஆண்ட காலம் அது. 1952-ல் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் அங்கே பன்னிரண்டு பேரைக் கொன்றதும் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊரையே ஏசினார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டிலும் வெட்டு. காட்டுக்குள் மேலும் பட்டாளத்தை இறக்கிப் பயனில்லை, மக்கள் மனத்தைப் பிடிக்க வேண்டும் என்று பேசிப் பேர் வாங்கியவரும் இதே மனிதர்தான்!

அந்தக் கிளர்ச்சியை அடக்க 1948-ல் அறிவித்த அவசரகாலத்தில், பட்டாளம், உதவி இரண்டையும் ஒரே வேலிக்குள் வைத்தார்கள். 1950-ல் ஜெனரல் பிரிக்ஸ் தொடங்கிய திட்டத்தில் காட்டோரம் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, பெயர்த்துப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். உள்ளே பள்ளிக்கூடம், மருந்தகம். சுற்றிலும் முள்கம்பி.

என் அம்மா அப்போது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கேட்டில் சோதனை போடுவார்களாம். சோற்றுத் தூக்கு கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருப்பவனுக்குப் போய்விடும் என்று பயம். வெறும் வயிற்றோடு வெட்டி முடித்து வந்துதான் சாப்பாடு. கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், பதுக்க முடியாதபடி. பட்டாளத்தைக்கூட அம்மா மன்னித்துவிட்டார். அந்த டின்னில் எறும்பு ஏறியதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

என் கணக்கில் வேலையை முடித்தது குடியுரிமையும் ஓட்டும்தான். 1952-ல் குடியுரிமை விதி தளர்ந்தது, 1955-ல் தேர்தல், 1957-ல் சுதந்திரம். வெள்ளைக்காரனை விரட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கிடம், வெள்ளைக்காரனே மூட்டை கட்டிய பிறகு விற்க என்ன சரக்கு மிச்சம்? 1960 ஜூலை 31-ல் அவசரகாலத்தை முடித்துக்கொண்டார்கள். ஆப்கானியருக்கும் தேர்தல் நடந்தது, உண்மைதான். ஆனால் அந்த அரசைத் தன்னுடையது என்று நினைத்தவன் எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கிராமத்துச் சீனருக்கு வீடு கட்ட ஒரு மனையாவது கிடைத்தது. நம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் வேலி போட்டார்கள், ஆனால் லயம் தோட்டத்துக்குத்தான் சொந்தம். பின்னாளில் தோட்டம் கைமாறியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது யார்? உதவிப் பணம் தேவையைப் பார்த்து வருவதில்லை, பயத்தைப் பார்த்துத்தான் வருகிறது.

கேள்வி: அப்படியானால் துப்பாக்கியே வேண்டாம் என்கிறீர்களா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இல்லவே இல்லை. 1951-ல், டெம்ப்ளருக்கு முன்பிருந்த ஹை கமிஷனர் கர்னியையே பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் கட்ட யார் போவார்? காவல் வேண்டும். அதை உள்ளூர்ப் போலீசும், துப்புக் கொடுக்கும் மக்களும், சரணடைந்து வழிகாட்டியவர்களும் செய்தபோது பலன் கிடைத்தது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டார்கள். நியாயம் கேட்ட குடும்பத்தார் பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய் 2015-ல் தோற்றார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், பிறகு மருந்தகம் கட்டினோமே என்று சொல்லிப் பாருங்கள்.