மூன்று மாடி மூச்சு

அன்புள்ள ஐயா,

ராஜா காலத்துக் கதைபோல வரும் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் எட்டாவது சீசன், நாலாவது எபிசோடில் விருந்து மேசைமேல் காபி கப் தெரிந்ததே, அவ்வளவு செலவு செய்தும் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா? நம் படங்களில் வரும் கண்டினியூட்டி தவறுகளை, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிப்போவதை, நோட்டுப் போட்டு எழுதிவருகிறேன். 140 சேர்ந்திருக்கிறது. இந்த வேலைக்கே போக ஆசை.

கே.

அன்புள்ள கே,

அந்தக் கப் வந்தது 2019 மே மாதம். சில நாளிலேயே கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். கடைசி எபிசோடில் தண்ணீர் பாட்டில் வேறு. விடுங்கள், அதனால் யாருக்கும் கதை புரியாமல் போகவில்லை.

ஆனால் 140! படம் பார்க்க உட்காருகிறீர்களா, கணக்குத் தணிக்கைக்கா? கோபிக்காதீர்கள், நானும் உங்களைப்போல ஒரு நோட்டோடு திரிந்து, அதைக் காட்டியே ஒரு தொடரில் உதவி இயக்குநராகச் சேர்ந்தவன்தான். ஹாலிவுட்டில் இதற்கு ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று தனி ஆள் உண்டு. இங்கே பெரும்பாலும் உதவி இயக்குநர் தலையில்தான் விழும்.

நான் சேர்ந்த அந்தத் தொடரில் ஒரு காட்சி. அண்ணன் விபத்தில் சிக்கிய செய்தியோடு நாயகி மூன்று மாடி ஓடி ஏறி வந்து கதவைத் திறக்க வேண்டும். படிக்கட்டை ஒரு பழைய குடியிருப்பில் எடுத்தோம். கதவுக்கு உள்ளே இருக்கிற வீடு செட்; அதை எடுத்தது ஐந்து வாரம் கழித்து. என் நோட்டில் எல்லாம் இருந்தது: வலது கையில் நாலு வளையல், வாடிய பூ, கலைந்த பொட்டு, செருப்பில்லை. போட்டோவும் இருந்தது. அத்தனையும் அச்சு அசலாக வந்தது, நெற்றியில் வியர்வைக்குத் தண்ணீர்கூடத் தெளித்தோம். அந்த அம்மா கதவைத் திறந்து, மேக்கப் அறையில் டீ குடித்துவிட்டு வந்த நிதானத்தோடு வசனம் பேசினார். மூச்சு வாங்கவில்லை. எனக்கு உறைக்கவே இல்லை, நான் வளையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்மேல் தப்பில்லை. லொக்கேஷனுக்கும் கால்ஷீட்டுக்கும் தக்கபடி கதையைத் துண்டு துண்டாக எடுக்கிறோம், ஐந்து வாரம் முன்னால் எந்தப் படியில், எவ்வளவு மூச்சிரைப்பில் அவரை விட்டோம் என்று காதில் போட வேண்டியவன் நான், அதை எழுதாமல் பொட்டு எந்தப் பக்கம் கலைந்தது என்று எழுதிவைத்திருக்கிறேன். வால்டர் மர்ச் என்ற படத்தொகுப்பாளர், ஒரு வெட்டில் எதை முதலில் காப்பாற்றுவது என்று ஆறு விஷயங்களுக்குச் சதவீதம் போட்டார். உணர்ச்சிக்கு 51. ஆட்கள் இடம் மாறாமல் நிற்பதற்கு, கடைசியாக, 4. என் வளையல் அந்த 4-க்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் 140-இல் வளையல் எத்தனை, மூச்சு எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து, வளையலைப் பாருங்கள், பூவைப் பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டாள்: "ஏன்டா, அந்த வீட்ல லிஃப்ட் இருக்கா?"