மனித உரிமைகள் எம்.ஏ.: படித்தவருக்கு என்ன வழி?

கேள்வி: மனித உரிமைகள் பாடத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "வக்கீலாகவும் ஆக முடியாது, அரசு வேலைக்கும் உதவாது, இதை ஏன் எடுத்தாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்தப் பட்டத்தால் எனக்கு என்ன வழி பிறக்கும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை. இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அரசுத் திட்டப் பணிகளுக்கான அறிவிப்புகளில் சமூகப்பணி, சமூகவியல், சட்டம் ஆகிய படிப்புகளின் பெயர்களையே அதிகம் காண்கிறோம் என்பதால், கல்வித் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்த பிறகே விண்ணப்பியுங்கள். கல்லூரி ஆசிரியப் பணியில் நாட்டம் இருந்தால், யு.ஜி.சி. நெட் தேர்வில் மனித உரிமைகளும் கடமைகளும் தனிப் பாடமாகவே இருக்கிறது.

வீட்டார் அறியாத மறுபாதிதான் முக்கியமானது. செங்கல் சூளையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் உங்கள் முன் அமர்ந்து, "அட்வான்ஸ் வாங்கினோம், கணக்கு முடியாமல் போகக் கூடாது என்கிறார்கள்" என்று சொன்னால், கேட்பவர் பலருக்கும் அது வெறும் கடன் தகராறாகவே தெரியும். உங்கள் காதில் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமாக விழ வேண்டும். முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் வாங்கியது, வாரக் கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், ஊரில் சாவு விழுந்தபோது போக விட்டார்களா, ரேஷன் அட்டை யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, விடுதலைச் சான்றிதழ் கோரி கோட்டாட்சியரிடம் மனுவாகக் கொடுக்கத் தெரிந்தவரே அந்தக் குடும்பத்துக்குப் பயன்படுவார். அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அச்சட்டப்படி கடன் கொடுத்தவருடையது. இதைத் தொழிலாளியிடம் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் தெளிவுக்காகவே இப்படிப்பைப் படிக்கலாம் என்பேன்.

காவல் நிலையத்தில் அடிபட்டவருக்கும் இதே உழைப்பு தேவைப்படுகிறது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால், 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி மனித உரிமைகள் ஆணையம் அதை விசாரிக்க இயலாது. அதற்குள் மருத்துவச் சீட்டையும் சாட்சிகளின் வாக்குமூலத்தையும் சேர்த்து மனுவை அனுப்ப ஆள் இல்லாததால், நியாயமான புகார்கள்கூட வீணாகப் போவது வேதனைக்குரியது.

1995 முதல் மதுரையில் இயங்கிவரும் மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகளின் களப்பணியும், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளும் இத்தகைய உழைப்பின் மேல்தான் நிற்கின்றன. தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும்; திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியலாம். இதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வசதி இருந்தால், எம்.ஏ. முடித்த கையோடு மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேருங்கள், பார் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு, நீங்கள் எழுதிய மனுவுக்காக நீங்களே வாதாடலாம்.

இப்போதைக்கு இரண்டு காரியங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. தேசிய மனித உரிமைகள் ஆணையம் மாணவர்களுக்கு நடத்தும் கோடைக்கால, குளிர்காலப் பயிற்சிகளுக்கு விண்ணப்பியுங்கள். ஆய்வேட்டுக்கு உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட பத்துப் பேரையாவது நேரில் சந்தித்து எழுதுங்கள். வேலைக்கான நேர்காணலில் மதிப்பெண் பட்டியலுடன் அந்த ஆய்வேட்டையும் மேசையில் வையுங்கள்.