வாழும் இசையமைப்பாளரின் பிறந்தநாளுக்குக் கச்சேரி வைப்பது வெறும் சடங்குதானா?

கேள்வி: மேற்படிப்புக்காக ஸ்லோவாக்கியா வந்திருக்கிறேன். இந்நாட்டுச் செவ்வியல் இசையமைப்பாளர் ஒருவரின் பிறந்தநாளையொட்டி வரிசையாகக் கச்சேரிகள் நடக்கின்றன. பேராசிரியர் என்னையும் அழைத்திருக்கிறார். உயிரோடு இருப்பவருக்கு இத்தனை கச்சேரிகள் எதற்கு? இது மரியாதைக்காகச் செய்யும் சடங்குதானா? போவதால் பயன் உண்டா?

பதில்:

'சடங்குதானா' என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிராத்திஸ்லாவாவில் என் மகள் படித்த கலைப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், ஏறக்குறைய இதே கேள்வியை ஒரு தந்தை எழுந்து கேட்டார். அப்போது என் ஸ்லோவாக் மொழி தடுமாறும் நிலையில் இருந்ததால் மனத்தில் இருந்ததைச் சொல்ல இயலாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இசை கற்றவள் அல்ல, செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வில் வாத்தியம் கற்கும் ஒரு பெண்ணின் தாய். கண்ணால் பார்த்ததைத் தாண்டி எதையும் சொல்லப் போவதில்லை என்பதால், இசையறிந்தவர்கள் இதை ஓர் ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் வந்து சில மாதங்களே ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்நாட்டில் சிற்றூர்களில்கூடப் பிள்ளைகள் பிற்பகலில் சென்று இசையும் நடனமும் ஓவியமும் கற்கும் தொடக்கக் கலைப்பள்ளிகள் உண்டு. மக்கள் அவற்றைச் செல்லமாக 'ஸுஷ்கா' என்பார்கள். ஐம்பது, அறுபது, எழுபது என்று பூஜ்யத்தில் முடியும் பிறந்தநாளை 'வட்டமான பிறந்தநாள்' என்பார்கள். அதைக் கொண்டாடுபவர் 'யுபிலாந்த்'. நாம் மணிவிழா என்றால் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஓர் இசையமைப்பாளரின் வட்டமான பிறந்தநாளோ இங்கே வாத்தியக் குழுக்களுக்கும் வானொலிக்கும் பள்ளிகளுக்கும் உரிய பொதுக் காரியமாகக் கருதப்படுகிறது.

நான் சொன்ன அந்த 2016 மார்ச் 16 அன்று இசையமைப்பாளர் விளாதிமீர் கோதாருக்கு அறுபது வயது நிறைவடைய இருந்தது. பிராத்திஸ்லாவாவில் 1956 இல் பிறந்து, அந்நகரின் இசை உயர்கல்விக்கூடத்தில் இசையமைப்பாளர் தெசிதேர் கர்தோஷிடம் பயின்றவர் அவர். பொதுமக்களில் பலர் அவரை மார்ட்டின் ஷூலீக் இயக்கிய திரைப்படங்களின் இசை வழியாகவே அறிவார்கள். 1995 இல் வந்த 'ஸாஹ்ரதா', அதாவது 'தோட்டம்', அவற்றுள் ஒன்று. வெளிநாட்டினர் பெரும்பாலும் 'மாதெர்' என்ற இசைத்தட்டால் அறிந்திருப்பார்கள். தாய்மையைப் பற்றிய பழம்பாடல்களையும் வழிபாட்டுப் பாடல்களையும் கொண்டு அவர் அமைத்த இசையைச் செக் பாடகி இவா பித்தோவா பாட, ஜெர்மனியின் இ.சி.எம். இசைத்தட்டு நிறுவனம் 2006 இல் வெளியிட்டது. பித்தோவாவின் குரலில் பயிற்சி பெற்ற பாடகியின் மெருகைவிட, வீட்டில் தொட்டில் அருகே பாடும் பெண்ணின் இழுவைதான் எனக்குக் கேட்கிறது.

என் மகளின் ஆசிரியை (பிள்ளைகளுக்கு அவர் 'பானி உச்சித்தெல்கா', ஆசிரியை அம்மா) பள்ளியின் சிறு அரங்கில் ஒரு மாலை முழுவதும் கோதாரின் படைப்புகளை மட்டுமே வாசிக்க வேண்டும் என்று விரும்பினார். பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தந்தை எதிர்த்தது இதைத்தான். மோட்சார்ட்டையும் த்வோர்ஷாக்கையும் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத இசையை ஒருவருக்கு மரியாதை செய்வதற்காக ஏன் திணிக்க வேண்டும் என்று கேட்டார். ஆசிரியை கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஓர் இசைச்சுவடியை எடுத்து, அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த நூலகத் தாளைத் திறந்து காட்டினார். கோதார் 1985 இல் எழுதிய, விக்தோர் ஷ்க்ளோவ்ஸ்கியின் நினைவுக்கான சொனாட்டாவின், அதாவது செல்லோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைப்படைப்பின், பிரதி அது. 'பழகிய ஒன்றைப் புதிதாகக் காண வைப்பதே கலையின் வேலை' என்று வாதிட்ட ரஷ்யத் திறனாய்வாளர் ஷ்க்ளோவ்ஸ்கி 1984 இன் இறுதியில்தான் காலமாகியிருந்தார். நூலகத் தாளில் இருந்த கடைசி முத்திரை 1999 ஆம் ஆண்டினுடையது. அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகளாக அந்தச் சுவடியை அந்த நூலகத்திலிருந்து எவரும் எடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தத் தாள்தான். ஒரு புதிய படைப்பின் முதல் அரங்கேற்றம் எப்படியோ நடந்துவிடும். எழுதச் சொன்னவர்கள் இருப்பார்கள், விழா இருக்கும், செய்தியாளர்கள் வருவார்கள். இரண்டாம் முறை வாசிக்கப்படுவதுதான் கடினம். வாத்தியக் குழுக்களின் ஆண்டு நிகழ்ச்சிநிரல் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெயர்களால் நிரம்பிவிடுகிறது. வட்டமான பிறந்தநாள் வந்தால்தான் அலமாரியைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது. படைத்தவர் உயிரோடு இருக்கும்போது அது நடந்தால், இந்த இடத்தில் வேகம் எவ்வளவு, இந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வாய்ப்புண்டு.

அந்தச் சொனாட்டாவை ஆசிரியையும் அவருடைய தோழி ஒருவரும் வாசித்தார்கள். பியானோவுக்குத் தாள் திருப்பும் வேலை பன்னிரண்டு வயதான என் மகளுக்குக் கிடைத்தது. இதைச் சிறிய வேலை என்று நினைக்க வேண்டாம். பியானோ வாசிப்பவரின் இடப்பக்கத்தில், அவர் கையில் நிழல் விழாதபடி உட்கார வேண்டும். பக்கத்தின் கடைசி வரி வந்ததும் ஓசையின்றி எழுந்து, வலப்பக்கத் தாளின் மேல் மூலையை இடக்கையால் பிடித்துக் காத்திருந்து, அவர் தலையசைத்த கணத்தில் திருப்ப வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் வாசிப்பு அறுந்துவிடும். பிராத்திஸ்லாவாவின் பெத்ரஷால்கா பகுதியில் நாங்கள் குடியிருந்த கான்கிரீட் அடுக்குமாடி வீட்டின் சமையல் மேசையில், ஒளிநகலெடுத்த தாள்களின் மூலைகளை லேசாக மடித்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் அவள் திருப்பிப் பழகினாள். மூலப் பிரதியில் முன்பு வாசித்த யாரோ ஒருவர் பென்சிலால் வில் போடும் திசைகளைக் குறித்திருந்தார். ஓரிடத்தில் 'மூச்சு விடு' என்று எழுதியிருந்தது. அதை அழிக்க வேண்டாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

அன்று மாலை 'எம்மெலெயா' என்ற மென்மையான பியானோ உருப்படியைப் பதினான்கு வயதுச் சிறுவன் வாசித்தான். பிறகு, 1970-களில் நூல் வெளியிட இயலாமல் ஒதுக்கப்பட்டிருந்த செக் கவிஞர் யான் ஸ்காட்செலின் தாலாட்டுகளுக்குக் கோதார் 1986 இல் அமைத்த இசை. அதற்கு ஹார்ப்சிகார்ட், அதாவது பியானோவுக்கு முந்தைய காலத்து விசைப்பலகை வாத்தியம், வேண்டும். பள்ளியில் அது இல்லாததால், மின்விசைப் பலகையில் அந்த ஒலியைத் தேர்ந்து வாசித்தார்கள். மரக்கருவியின் நாதம் அதில் வராது என்பது எனக்கே தெரிந்தது. ஆயினும் பாடிய பெண் கடைசித் தாலாட்டை முடித்தபோது உடனே கைதட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும், பத்தாண்டுகளாக அது ஆறவில்லை. சிறப்பு விருந்தினராக வந்த அலுவலர் ஒருவர் சொனாட்டாவுக்கு முன்பு இருபது நிமிடத்துக்கு மேல் பேசினார். பேச்சில் கோதாரின் ஒரு படைப்பின் பெயர்கூட வரவில்லை. அரங்கின் வெப்பத்தில் செல்லோவின் சுருதி இறங்கி, ஆசிரியை மீண்டும் சுருதி சேர்க்க வேண்டியதாயிற்று. அச்சிட்ட நிகழ்ச்சித்தாளில் அந்த அலுவலரின் பெயர் மேலே பெரிதாக இருந்தது. தாள் திருப்பியவள் பெயர் வேண்டாம், தாலாட்டுக்குக் குழல் வாசித்த மாணவியின் பெயரையாவது போட்டிருக்கலாம். இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டுத்தான் மக்கள் இதைச் சடங்கு என்று சொல்கிறார்கள் என்றால், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறந்தநாள் விழா என்பதே பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் எச்சம் என்று சிலர் வாதிடுவார்கள் என்பதும் தெரியும். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அக்காலத்தில் ஆட்சிக்கு உகந்தவர்களுக்குத் 'தேசியக் கலைஞர்' போன்ற பட்டங்கள் கிடைத்தன. இல்யா ஸெல்யென்கா, ரோமன் பெர்கர் போன்றவர்கள் 1970-களின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார்கள். ஆனால் யாருக்கு விழா எடுப்பது என்று அன்று அரசு முடிவு செய்தது. 2016 இல் அதை முடிவு செய்தவர், நூலகத்திலிருந்து தம் கையால் சுவடியை எடுத்து வந்த ஓர் ஆசிரியை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயம் அன்று.

ஆகவே தயங்காமல் போங்கள். இசை புரியுமா என்று அஞ்ச வேண்டாம். எனக்கும் அன்று பாதிதான் புரிந்தது. நிகழ்ச்சிநிரலில் எந்தப் படைப்பு எந்த ஆண்டினது என்று பாருங்கள். பழைய படைப்பு ஒன்று இருந்தால், அது கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது என்று இடைவேளையில் பேராசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் மகிழ்ந்து பதில் சொல்வார். கச்சேரி முடிந்ததும் உருளைக்கிழங்குக் கலவையும் முட்டையும் வைத்த ரொட்டித் துண்டுகளும் ஒரு கோப்பை திராட்சை மதுவும் தருவார்கள், 'ஷிவியோ, ஷிவியோ' என்று வாழ்த்துப் பாடுவார்கள். நீங்களும் சேர்ந்து பாடலாம்.

பூங்கொத்து வாங்குவதானால் பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும். இங்கே இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது. அன்று ஆசிரியைக்காக நான் பன்னிரண்டு ட்யூலிப் பூக்களைக் கேட்டபோது, பூக்கடைப் பெண்மணி யாருக்கு என்று விசாரித்து, ஒன்றை மெல்ல உருவி என் மகள் கையில் தனியாகக் கொடுத்தார்.