போர்வைக்கு வெளியே இரண்டு முகங்கள்

கேள்வி: சென்ற இதழில் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கின் 'படுக்கையில்' ஓவியத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். இருவரும் பாரிஸ் விலைமாதர்கள், அதுவும் காதலர்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, அழகான நட்பு என்று வேறு சொல்கிறீர்கள். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் இந்த ஆபாசம் தேவையா?

பதில்: அந்தப் பக்கத்தை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் தலையணைகள், கழுத்துவரை இழுத்துப் போர்த்திய போர்வை, கலைந்த குட்டை முடியோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு முகங்கள். அவ்வளவுதான். அவர்களுடைய தொழிலைப் படித்த பிறகுதானே உங்களுக்கு அது ஆபாசமாகப் பட்டது?

லோத்ரெக் இதை வரைந்தது 1892-93 வாக்கில். அந்த ஆண்டுகளில் அவர் பாரிஸ் விலைமாதர் விடுதிகளிலேயே போய்த் தங்கியிருக்கிறார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தைத்தான் அங்கே அதிகம் வரைந்தார்: சீட்டாட்டம், தலை வாருவது, சும்மா உட்கார்ந்திருப்பது. 1894-இல் வரைந்த ஒரு படத்தில் இரண்டு பெண்கள் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறார்கள். அன்றைய விதிப்படி அது அவர்களுக்குக் கட்டாயம். அந்த முகங்களில் உள்ள அலுப்பைப் பார்த்துவிட்டு 'படுக்கையில்' ஓவியத்துக்கு வாருங்கள். கண்டவனும் விலை பேசிய, அரசாங்கம் சோதித்துப் பார்த்த உடம்பு, தனக்குப் பிடித்த ஒருத்தியின் பக்கத்தில் படுத்து ஓய்வெடுக்கிற நேரம் இது. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனம் வராது.

அவர் வரைந்த விதத்தையும் கவனியுங்கள். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்து, சாதாரண அட்டையில் தீட்டியிருக்கிறார். அட்டை எண்ணெயை உறிஞ்சிவிடும். மினுமினுப்பு போய், சாக்பீஸால் தேய்த்த மாதிரி வறண்டுவிடும். உடம்பைப் பளபளவென்று காட்ட நினைப்பவர் அட்டையைத் தொடவே மாட்டார்.

அப்புறம், 1896-இல் விடுதிப் பெண்களைப் பற்றி 'எல்' (பிரெஞ்சில் 'அந்தப் பெண்கள்') என்ற கல்லச்சுப் படத் தொகுப்பு ஒன்றையும் கொண்டுவந்தார். வெளியிட்ட குஸ்தாவ் பெல்லே கிளுகிளுப்புப் படங்களுக்குப் பேர்போனவர். தொகுப்பில் இருந்ததோ காலை உணவுத் தட்டு, குளியல் தொட்டி, தலை வாரும் சீப்பு. தொகுப்பு சரியாக விற்கவில்லை.

குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகை என்று தெரிந்துதான் போட்டோம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், அந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டு எழுதுங்கள். பிரசுரிக்கிறேன்.